ஒரு பாட்டில் நீல மருந்து

அந்தத் தீவனச் சோளம் முளைத்த நாளிலிருந்தே நண்டுவின் அப்பாவுடைய உயிரை வாங்கியது.

முழங்கால் உயரம் வந்ததும் நின்றுவிட்டது. அதற்குமேல் வளரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மழை இல்லை. கிணற்றில் சேறுதான் இருந்தது. வாடிய இலைகள் சுருண்டு, குழல் மாதிரி நின்றன.

அப்பா சும்மா இருக்கிற ஆளா? விதைக்கும்போதே கோழிப்பண்ணையிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய எரு வாங்கிவந்து கொட்டியிருந்தார். பயிர் வளராததைப் பார்த்ததும் கடையிலிருந்து யூரியா மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து வெள்ளை வெள்ளையாகத் தூவினார். அப்போதும் வளரவில்லை. இன்னொரு மூட்டையையும் தூவினார்.

"எதுக்குங்க இவ்வளவு?" என்று அம்மா கேட்டாள்.

"பிள்ளை இளைச்சுக் கிடந்தா ரெண்டு வாய் கூட ஊட்ட மாட்டியா? அது மாதிரிதான்" என்றார் அப்பா.

ஒருவழியாக மழை வந்தது. வந்தது என்றால், கொட்டித் தீர்த்தது. இரண்டு மூன்று நாளில் சோளம் விறுவிறுவென்று நிமிர்ந்தது. இலைகளில் அப்படி ஒரு பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகவே தெரிந்தது.

அப்பா வரப்பில் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"பாத்தியா நண்டு? போட்ட உரம் பேசுது!"

நண்டு என்பது அவர் மகளின் செல்லப்பேர். தவழ்கிற வயதில் பக்கவாட்டிலேயே போவாளாம். அதனால் வந்த பேர். இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். நேராகத்தான் நடக்கிறாள். பேர் மட்டும் மாறவில்லை.

அவர்கள் வீட்டில் இரண்டு மாடுகள். ஒன்று செவலை, இன்னொன்று கருப்பி. வீட்டுச் செலவு முழுக்க அந்த இரண்டின் பாலில்தான் ஓடியது. செவலைக்குத் தின்பதில் வெட்கமே கிடையாது. தன் பங்கைத் தின்றுவிட்டுக் கருப்பியின் பங்கிலும் தலையை நுழைக்கும். கருப்பி பாவம், ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வெல்டர் மாமாவின் வீடு. வாசலில் பட்டறை, பின்னால் ஒரு வெள்ளை மாடு. இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்று ரொம்ப நாளாகிவிட்டது. எல்லாம் சாணித் தண்ணீரால் வந்த வினை. இவர்கள் கொட்டகையைக் கழுவிய தண்ணீர் பள்ளத்தில் ஓடி, அவருடைய பட்டறைக்குள் புகுந்து, வெல்டிங் மெஷினைப் பாழாக்கிவிட்டது.

"உங்க மாடுங்க இங்க இருக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி கிடையாதுய்யா!" என்று அன்றைக்கு அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

அதன்பிறகு, பெரியவர்கள் இருவரும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

சோளத்தின் முதல் அறுப்பு ஒரு விடுமுறை நாளில் நடந்தது. அப்பா அடியோடு சேர்த்து அரிந்து அரிந்து போட்டார். நண்டு வாரி வாரிக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். வெறும் காய்ந்த வைக்கோலையே மென்றுகொண்டிருந்த மாடுகளுக்கு அன்றைக்கு விருந்து. செவலை வழக்கம்போலத் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நின்றுகொண்டு, தண்டுகளை மொறுமொறுவென்று கடித்தது. கருப்பி எட்டிப் பார்த்தால் கொம்பை ஆட்டியது. கருப்பிக்குத் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனி இலைகள்தான் கிடைத்தன.

"உனக்கு வயிறா, கிடங்கா?" என்று நண்டு செவலையின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வெல்டர் மாமாவின் வெள்ளை மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. அதன் கண் சோளத்தை விட்டு நகரவில்லை.

நண்டு முன்னும் பின்னும் பார்த்தாள். அப்பா வயலில் இருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். ஒரு அணைப்பு சோளத்தை அள்ளி வேலிக்கு மேலாகப் போட்டாள். அது தின்ற வேகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு அணைப்பு போட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று மாட்டிடம் சொன்னாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கைகழுவும்போது கொட்டகையில் தடால் என்று சத்தம் கேட்டது.

மூன்று பேரும் ஓடினார்கள். செவலை பக்கவாட்டில் விழுந்துகிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அப்பா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சிவப்பாக இல்லை. அழுக்குப் பிடித்த தகரம் மாதிரி, நீலமும் பழுப்புமாக இருந்தது.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடு! சீக்கிரம்!"

அம்மா போன் போட்டாள். மாட்டு டாக்டரம்மா வேறொரு பண்ணையில் இருந்தார். உடனே கிளம்புவதாகச் சொன்னார்.

செவலை அதுவரை தாங்கவில்லை. எழுந்துவிடப்போவதுபோல ஒருமுறை தலையைத் தூக்கியது. பிறகு தலையைத் தரையில் வைத்தது. வயிறு ஏறி இறங்குவது நின்றுபோயிற்று.

நண்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கழுத்து இன்னும் சூடாகவே இருந்தது. அதனால் நம்ப முடியவில்லை.

"எழுந்திரு செவலை... உனக்கே எல்லாத்தையும் தர்றேன். எழுந்திரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா அழவில்லை. அவர் முகம் கல்லாகிவிட்டது.

"காலையில கூட நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ எதையோ வச்சிருக்காங்க" என்றார். "யாரோ என்ன யாரோ? எனக்குத் தெரியும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார்.

"யோவ் வெல்டர்! வெளிய வாய்யா! வாயில்லாத ஜீவனுக்கு விஷம் வைக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?"

வெல்டர் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டறையிலிருந்து ஓடிவந்தார்.

"யாரைப் பாத்து என்ன பேசுற? நாக்கை அடக்கிப் பேசு!"

"அன்னைக்கு நீ சொன்னதைத் தெருவே கேட்டுச்சு. என் மாடு இருக்கிற வரைக்கும் உனக்கு நிம்மதி இல்லேன்னு!"

"சொன்னேன்தான். அதுக்காகக் கொல்லுவேனா?"

இருவரும் வேலிக் கம்பியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மண்வெட்டி அப்பாவின் கையில் ஆடியது. அம்மா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

நண்டு அவர்களைப் பார்க்கவில்லை. வெல்டர் மாமாவுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே வெள்ளை மாடு கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. தலை தொங்கிப்போயிருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

செவலை செய்த மாதிரியே.

வெல்டர் மாமா தன் மாட்டுக்கே விஷம் வைப்பாரா? மாட்டார். செவலையும் இந்த மாடும் வெவ்வேறு வீடு. வெவ்வேறு தண்ணீர். இரண்டுக்கும் பொதுவாகக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான்.

சொன்னால் அப்பா என்ன செய்வார்? வெல்டர் மாமா என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாடுதான் செத்துப்போகும்.

"அப்பா, மாமா விஷம் வைக்கல" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "அந்த மாட்டைப் பாருங்க. அதுக்கு நான்தான் காலையில நம்ம சோளத்தைப் போட்டேன். சோளத்துலதான் என்னவோ இருக்கு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வெல்டர் மாமா தன் மாட்டைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டார்.

"ஐயோ..." என்றார்.

"ஏன் போட்ட?" என்று அப்பா கேட்டார்.

"அது பாத்துக்கிட்டே இருந்துச்சுப்பா."

நண்டு அதற்குமேல் நிற்கவில்லை. கொட்டகைக்கு ஓடி, தொட்டியில் மிச்சமிருந்த சோளத்தை எல்லாம் வாரி வெளியே எறிந்தாள். கருப்பியும் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு வேலியைச் சுற்றிக்கொண்டு போய், வெள்ளை மாட்டின் காலடியில் கிடந்த தண்டுகளையும் பொறுக்கினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

டாக்டரம்மாவின் பைக் அப்போதுதான் வந்து நின்றது. வந்தவர் செவலையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். வெள்ளை மாட்டின் கழுத்து நரம்பில் ஊசி குத்தி, கொஞ்சம் ரத்தம் எடுத்தார். ரத்தம் சிவப்பாக இல்லை. பால் ஊற்றாத காப்பி மாதிரி இருந்தது.

"நினைச்சேன்" என்றார். "பயிருக்கு என்ன உரம் போட்டீங்க?"

"கோழி எரு ஒரு டிராக்டர். அப்புறம் யூரியா ரெண்டு மூட்டை" என்றார் அப்பா. "இது வளரவே இல்லீங்களே..."

"மழை இல்லாம எப்படி வளரும்? அது தாகத்துல தவிச்சுது, நீங்க சோறா ஊட்டியிருக்கீங்க. மழை பெஞ்சதும் அத்தனை உரத்தையும் மடமடன்னு உறிஞ்சு தண்டுல சேத்து வச்சிருச்சு. அதைத் தின்னா மாட்டு ரத்தத்தால காத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. மூச்சு விட்டுக்கிட்டே மூச்சு முட்டிச் செத்துப்போகும்."

அப்பா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"மாட்டை நடக்க விடாதீங்க. பயமுறுத்தாதீங்க. முக்கியமா, யாரும் கத்தக்கூடாது. அது மிரண்டா இன்னும் காத்து வேணும். காத்துக்கு எங்க போகும்?" என்றார் டாக்டரம்மா.

வெல்டர் மாமாவுக்குக் கோபம் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் கத்தக் கூடாதே.

"நீதான்யா என் மாட்டைக் கொல்லப் பாத்திருக்க" என்று காதோடு ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் வேணும்னேவா செஞ்சேன்?" என்று அப்பாவும் கிசுகிசுத்தார்.

"என்னைப் போய்க் கொலைகாரன்னு சொன்னியே."

"தப்புத்தான்யா. தப்புத்தான்."

ரகசியம் பேசுவதுபோல இரண்டு பெரிய ஆட்கள் சண்டை போடுவதை நண்டு அன்றைக்குத்தான் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

டாக்டரம்மா தன் மருந்துப்பைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். உள்ளே பேனா மை மாதிரி நீல மருந்து. இன்னொரு முறை துழாவினார். பையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார்.

"ஒண்ணுதான் இருக்கு" என்றார். "அதிகமாத் தேவைப்படாத மருந்து இது. இன்னொண்ணு வரணும்னா ஆஸ்பத்திரியில இருந்து வரணும். அதுக்கு நேரம் ஆகும்."

"ஆளுக்குப் பாதி போடக்கூடாதா?" என்று அம்மா கேட்டாள்.

"பாதி போட்டா ரெண்டுமே போயிடலாம்."

வெல்டர் மாமா தன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அப்பா கருப்பி இருந்த பக்கம் பார்த்தார். செவலை போய்விட்டது. கருப்பியும் போய்விட்டால் கொட்டகையே காலி.

"எது அதிகம் தின்னுச்சு? யாராவது பாத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பார்த்தது நண்டு மட்டும்தான்.

கருப்பியின் முகம் அவள் கண்முன் வந்தது. கருப்பிதான் அதிகம் தின்றது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருந்து இந்தப் பக்கம் வந்துவிடும்.

"கருப்பி கொஞ்சம்தான் தின்னுச்சு" என்றாள். கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. "செவலை அதைக் கிட்டவே விடல. வெளிய நீட்டிக்கிட்டு இருந்த நுனி இலையை மட்டும்தான் தின்னுச்சு. இந்த மாடு ரெண்டு அணைப்பும் தின்னுச்சு. தண்டோட."

"நல்லாத் தெரியுமா?"

"பக்கத்துலயே நின்னேன்."

"நுனி இலையில அவ்வளவு இருக்காது. அடித்தண்டுலதான் எல்லாம் சேரும்" என்ற டாக்டரம்மா அப்பாவைப் பார்த்தார். "கருப்பி தானாத் தேறலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன். இந்த மாடு மருந்து போடலேன்னா இன்னைக்கே போயிடும்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். கனைப்புக்கூடச் சத்தமில்லாமல்தான் வந்தது.

"பிள்ளை பொய் சொல்ல மாட்டா. இதுக்கே போடுங்க."

வெல்டர் மாமா நிமிர்ந்து பார்த்தார்.

நீல மருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக மாட்டின் கழுத்துக்குள் இறங்கியது. பாட்டிலை உயர்த்திப் பிடித்து நின்றது அப்பா. மாட்டின் தலையைத் தோளில் தாங்கியது வெல்டர் மாமா. பாட்டில் காலியாகிக் கொஞ்ச நேரத்தில் மாட்டின் மூச்சு மட்டுப்பட்டது. காதை ஒருமுறை ஆட்டியது.

டாக்டரம்மா இரண்டாவது மருந்துக்காகப் போனில் பேசினார். அது வந்துசேரும்வரை நண்டு கருப்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை, அசையவில்லை. சாணிமேல் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டவில்லை. கருப்பியின் விலா ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும், மறுபடி ஏறுமா என்று அவள் மூச்சும் நின்றது.

மருந்து வந்தபோது கருப்பியின் நடுக்கம் தானாகவே குறைந்திருந்தது. டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இளஞ்சிவப்பு திரும்புது. இதுக்கு ஊசி வேணாம். தண்ணி வை, போதும்."

சாயங்காலம் செவலைக்குக் குழி வெட்டினார்கள். மழையில் நனைந்த மண் என்றாலும் அடியில் பாறை மாதிரி இறுகியிருந்தது. அப்பா தனியாக வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெல்டர் மாமா கடப்பாரையோடு வந்தார். குழிக்குள் இறங்கினார்.

வேலை முடிந்ததும் வெல்டர் மாமா நண்டுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, நான் போடலேன்னா உங்க மாட்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள்.

"ஆமா, ஆயிருக்காது" என்றார் அவர். பிறகு மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டார். "நீ வாயைத் திறக்கலேன்னா இந்நேரம் இன்னொரு குழியும் வெட்டிக்கிட்டு இருப்போம். அதுவும் உண்மைதான்."

மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அலறல் கேட்டது.

"ஐயையோ! டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க! என் மாடு பச்சை பச்சையா மூத்திரம் போகுது!"

போனில் டாக்டரம்மா சிரித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அந்த நீல மருந்துதான் அப்படி வெளியே வருகிறதாம். நாலைந்து நாளில் சரியாகிவிடுமாம். ஆனால் அவர் சொல்லும்வரை இரண்டு மாட்டின் பாலையும் யாரும் வாயில் வைக்கக் கூடாதாம்.

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்பாதான் சிரிக்கவில்லை. காலியான யூரியா சாக்கை மடித்து மடித்துக் கையளவுக்குச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார்.

"மிச்சச் சோளத்துக்குத் தீ வச்சிடுறேன்" என்றார்.

டாக்டரம்மா வேண்டாம் என்றார். முற்றட்டும், பரிசோதித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம், அதுவரை ஒரு மாடும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

"வயலுக்கு ரோட்டுப் பக்கம் வேலியே இல்லையேப்பா" என்றாள் நண்டு. "அந்த வழியா ஆட்டுமந்தை போகுமே. அதுங்களுக்கு என்ன தெரியும்?"

அப்பா நிமிர்ந்தார். அன்றைக்கே கம்பு நட்டு, கம்பி கட்ட ஆரம்பித்தார். வெல்டர் மாமா பழைய இரும்புக் குழாய்களை ஒட்டி ஒரு கதவு செய்துகொண்டு வந்தார். ஆடு மேய்ப்பவர்களைப் பார்த்தபோதெல்லாம், இந்த வயல் பக்கம் மந்தையை விட்டுவிடாதீர்கள் என்று அப்பாவே வலியப் போய்ச் சொன்னார். தன் கையால் போட்ட உரம்தான் காரணம் என்பதையும் மறைக்கவில்லை.

கொட்டகைத் தண்ணீரைப் பட்டறைப் பக்கம் போகவிடாமல் வயலுக்குத் திருப்பிவிட, இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கோழி எரு வாங்கவில்லை. மக்கிய சாண எரு மட்டும் போட்டார்கள். அதில் இருக்கிற சத்தைக் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் யூரியா. அதுவும் ஈரம் இருக்கும்போது, பிரித்துப் பிரித்து. அப்பா கையில் அள்ளியதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கொட்டுங்கப்பா" என்று நண்டு சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் சாக்கில் திரும்பக் கொட்டினார்.

இந்த முறை சோளம் நிதானமாக வளர்ந்தது. கறுப்பாக இல்லை, சாதாரணப் பச்சைதான். பூவெடுத்த பிறகு தண்டுகளை எடுத்துப்போய்ப் பரிசோதித்த டாக்டரம்மா, "கொடுக்கலாம்" என்றார். "முதல்ல கொஞ்சமா, வைக்கோலோட கலந்து கொடுங்க."

அப்படிச் சொன்ன பிறகும் அப்பாவின் கை அரிவாளை எடுக்கத் தயங்கியது. நண்டுதான் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் அடித்தண்டை ஒரு முழம் விட்டுவிட்டு மேலே அரிந்தார். நண்டு வைக்கோலோடு கலந்து கருப்பிக்குக் கொஞ்சம் வைத்தாள். வெல்டர் மாமாவின் மாட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோனாள். இந்த முறை வேலிக்கு மேலாக அல்ல, வாசல் வழியாக.

பிறகு இரண்டு மாடும் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட வா நண்டு" என்று அம்மா கூப்பிட்டாள்.

"வர்றேம்மா."

மதியம் தாண்டியது. அம்மா மறுபடி கூப்பிட்டாள். அப்பாவும் பட்டினியாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெயில் சாய்ந்தபோது கருப்பி முன்னங்காலை மடித்துப் படுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையும் படுத்தது. இரண்டும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, சாவகாசமாக அசைபோட ஆரம்பித்தன.

"இப்போ பசிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு, நண்டு சாப்பிட எழுந்தாள்.